டெக்சஸில் டூயல் கிரெடிட்: பட்டத்திலிருந்து பின்னோக்கிப் பாடம் தேர்வது எப்படி

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் கல்லூரிப் பாடமொன்றைப் படித்து, அதைப் பள்ளிக் கணக்கிலும் கல்லூரிக் கணக்கிலும் ஒருசேர வரவு வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு மாநிலத்துக்கு மாநிலம் பெயரும் விதியும் மாறுகின்றன. மின்னசோட்டா 1985-லேயே இதற்குச் சட்டம் இயற்றியது. வாஷிங்டன் மாநிலத்தில் இதற்கு ‘ரன்னிங் ஸ்டார்ட்’ என்று பெயர். டெக்சஸில் ‘டூயல் கிரெடிட்’. நான் டாலஸுக்கு வடக்கே வசிப்பதாலும், இரண்டு பிள்ளைகளை இந்த வழியாக அனுப்பியிருப்பதாலும், இங்கே சொல்லப்படுபவை டெக்சஸ் நடைமுறைகளே.

பள்ளி அனுப்பும் பாடத் தேர்வுப் பட்டியலைத் திறப்பதற்கு முன், பிள்ளை சேர விரும்பும் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களின் இணையதளத்துக்குப் போய், விரும்பும் பட்டத்துக்கான ‘டிகிரி பிளான்’ என்ற பாடத் திட்டத்தை எடுத்து அச்சிட்டு மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் நாங்கள் பட்ட பாடு உண்டு. என் மகள் பதினோராம் வகுப்பில் ‘காலேஜ் அல்ஜிப்ரா’ எடுத்தாள், ‘ஏ’ வாங்கினாள், வீட்டில் பாயசம் வைத்தோம். பொறியியல் பட்டத்தின் கணக்குப் பாடங்கள் கால்குலஸிலிருந்துதான் தொடங்குகின்றன என்பது அடுத்த ஆண்டுதான் எங்களுக்கு உறைத்தது. அந்த மூன்று கிரெடிட் மணி (பாடத்தின் அளவைக் கல்லூரிகள் எண்ணும் அலகு) பட்டத்துக்கு உதவாமல் இன்றும் அவளுடைய டிரான்ஸ்கிரிப்டில், அதாவது கல்லூரி மதிப்பெண் பதிவேட்டில், சும்மா கிடக்கிறது. வணிகமோ உளவியலோ படிக்கப் போகும் பிள்ளைக்கு அதே பாடம் பயன்பட்டிருக்கக்கூடும்.

பாடத்தின் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. டெக்சஸின் சமுதாயக் கல்லூரிகள் மாநிலம் முழுவதற்கும் பொதுவான நான்கு இலக்க எண் முறையைப் பின்பற்றுகின்றன. முதல் இலக்கம் பாடத்தின் நிலையைக் காட்டும்: 1 என்றால் முதலாண்டு, 2 என்றால் இரண்டாமாண்டு. இரண்டாம் இலக்கம் கிரெடிட் மணி. ஆக, இங்கிலீஷ் 1301 என்பது முதலாண்டுக்குரிய மூன்று மணிப் பாடம். மேத் 2413 என்ற முதல் கால்குலஸ் இரண்டாமாண்டு நிலையிலுள்ள நான்கு மணிப் பாடம். மூன்று மணிப் பாடம் என்றால் பதினாறு வாரங்களில் 48 மணி நேர வகுப்பு. ஒரு மணி வகுப்புக்கு இரண்டு மணி வீட்டுப் படிப்பு என்று கல்லூரிகள் வழக்கமாகச் சொல்லும் கணக்கின்படி இன்னும் 96 மணி நேரம். அதே பாடம் எட்டு வாரப் பருவத்தில் நடந்தால் வாரச் சுமை அப்படியே இரட்டிப்பாகும் என்பதைப் பட்டியலில் யாரும் கொட்டை எழுத்தில் போடுவதில்லை.

எந்தப் பட்டம் என்று இன்னும் முடிவாகாத பிள்ளைக்கும் நட்டமில்லாத பாடங்கள் சில இருக்கின்றன. டெக்சஸின் அரசுப் பல்கலைக்கழகங்களில் எந்த இளநிலைப் பட்டம் பெறுவதானாலும் அமெரிக்க வரலாற்றில் ஆறு மணியும் அரசியலமைப்பில் ஆறு மணியும் முடித்திருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். ஆகவே ஹிஸ்டரி 1301, 1302 ஆகிய இரண்டும், கவர்ன்மென்ட் 2305, 2306 ஆகிய இரண்டும் மாநிலத்துக்குள் எங்கே போனாலும் வீணாகா. இவற்றோடு ஆங்கிலம் 1301, 1302 ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். இவ்விரண்டும் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு ஈடாகப் பள்ளியிலும் கணக்கில் ஏறுவது வழக்கம். 42 மணி கொண்ட பொதுப் பாடத் தொகுப்பு முழுவதையும் ஒரு மாணவர் முடித்துவிட்டால், மாநில அரசுப் பல்கலைக்கழகம் அதை ஒட்டுமொத்தமாக ஏற்றாக வேண்டும். தனியார் பல்கலைக்கழகங்களையும் வெளிமாநிலங்களையும் இந்த விதி கட்டுப்படுத்தாது. பள்ளி இறுதித் தேவைக்காக ஒருமுறை எண்ணப்பட்ட பாடத்துக்குத் தாங்கள் கிரெடிட் தர மாட்டோம் என்று சொல்லும் தனியார் பல்கலைக்கழகங்கள் பல இருப்பதால், அந்தக் கேள்வியைச் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

பாடம் முடிவானபின் காகித வேலை. பள்ளிக் கவுன்சிலரிடம் ஒப்புதல், கல்லூரியில் மாணவராகச் சேர விண்ணப்பம், டிஎஸ்ஐஏ2 என்னும் தகுதித் தேர்வு ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வரும். தேர்வுக்கு முன் இணையத்தில் ஒரு முன்பயிற்சியை முடித்தாக வேண்டும். அதை முடித்த சான்று இல்லாமல் தேர்வு எழுத இயலாது என்பதால் முதல் நாளே முடித்துவிடுவது நல்லது. கணக்கில் 950, ஆங்கிலத்தில் 945, அதனுடன் கட்டுரையில் 5 ஆகியவை தேர்ச்சிக்குரிய எண்கள்; சற்றுக் குறைந்தவர்களுக்கு மேற்சோதனை வழியும் உண்டு. தேர்வுக்குக் கால வரம்பு கிடையாது. என் மகன் அவசரமாக எழுதி முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்து, கட்டுரையில் 4 வாங்கி, மறுபடி போய் எழுதினான். கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்ஏடி தேர்வில் கணக்கில் 530, ஆங்கிலத்தில் 480 எடுத்திருந்தால் டிஎஸ்ஐஏ2 எழுதத் தேவையில்லை.

ஏபி (பள்ளியிலேயே நடத்தப்படும் கல்லூரி நிலைப் பாடம்) நல்லதா, டூயல் கிரெடிட் நல்லதா என்ற கேள்வி நம்மவர் கூடும் ஒவ்வொரு வார இறுதி விருந்திலும் எழுகிறது. ஏபியில் ஆண்டு முழுவதும் படித்ததை மே மாதத்து ஒரு தேர்வு தீர்மானிக்கும். அந்த எண் பிடிக்காவிட்டால் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பாமல் இருந்துவிடலாம். டூயல் கிரெடிட்டில் ஒரே நாள் தேர்வு என்ற கத்தி தலைக்குமேல் தொங்குவதில்லை. பருவம் முழுவதும் செய்த வேலையே மதிப்பெண். ஆனால் வந்த மதிப்பெண்ணை மறைக்க வழியில்லை. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது, டெக்சஸ் பல்கலைக்கழகம் ஆஸ்டினில் நடத்தும் ஆன்ராம்ப்ஸ்: பள்ளி மதிப்பெண்ணைப் பள்ளி ஆசிரியர் தருவார், கல்லூரி மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகம் தரும், இரண்டாவதை ஏற்பதா மறுப்பதா என்பதை மாணவரே முடிவு செய்யலாம். முதன்முறை துணியும் பிள்ளைக்கு இதையே நான் பரிந்துரைப்பேன்.

தர வரிசையையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். டூயல் கிரெடிட் பாடத்துக்கு ஏபிக்கு இணையான கூடுதல் புள்ளி தருவதா, குறைத்துத் தருவதா என்பதை ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தானே தீர்மானிக்கிறது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் தானாகவே சேர்க்கை பெற, 2026 இலையுதிர் பருவம் முதல் வகுப்பின் முதல் 5 விழுக்காட்டுக்குள் வந்தாக வேண்டும் என்ற நிலையில், இந்தப் புள்ளி வேறுபாடு சிறியதன்று. மாவட்டத்தின் ஜிபிஏ (சராசரி மதிப்பெண் புள்ளி) விதிக் கையேட்டைக் கவுன்சிலரிடம் கேட்டு வாங்குங்கள்.

செலவைப் பொறுத்தவரை, 2023-இல் நிறைவேறிய ஹவுஸ் பில் 8 என்னும் சட்டத்தின்கீழ், இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்ற மாணவர்களுக்கு, ‘ஃபாஸ்ட்’ திட்டத்தில் சேர்ந்துள்ள கல்லூரிகளில் கட்டணம் இல்லை. நடப்பாண்டில் தகுதி இல்லாவிட்டாலும் முந்தைய நான்கு ஆண்டுகளில் ஒன்றில் இருந்தால் போதும். மற்றவர்களுக்கும் பல்கலைக்கழகக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் தொகை மிகக் குறைவே. எச்-4 விசாவிலுள்ள (எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களின் குடும்பத்தினருக்கான விசா) பிள்ளைகளும் தாராளமாகப் படிக்கலாம். பின்னாளில் கூட்டாட்சி அரசின் கல்வி உதவித்தொகை கிடைக்காத அவர்களுக்கு இங்கே மிச்சமாகும் ஒவ்வொரு டாலரும் கூடுதல் பெறுமதி உடையது. விண்ணப்பத்தில் குடியிருப்பு பற்றிய வினாக்களை மட்டும் அவசரப்படாமல் நிரப்புங்கள். ஒரு பெட்டி தவறினால் வெளிமாநிலக் கட்டணத்துக்குப் பில் வந்து நிற்கும்.

வகுப்பு தொடங்கிய பிறகு பெற்றோரின் இடம் சட்டென்று சுருங்கிவிடும். ஃபெர்பா என்னும் கூட்டாட்சிச் சட்டத்தின்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவர் பதினாறு வயதினரானாலும் அங்குள்ள பதிவேடுகளின் மீதான உரிமை அவருக்கே உரியது. கல்லூரி தன் பங்குக்குப் பள்ளிக்கு அனுப்பும் விவரங்களைப் பள்ளியின் வழியாகப் பெற்றோர் பார்க்கலாம். தாமதமாகப் போன ஒரு கட்டுரைக்காக நான் பேராசிரியருக்கு நீண்ட மின்னஞ்சல் எழுதியபோது, “உங்கள் மகளை எழுதச் சொல்லுங்கள்” என்று ஒரே வரியில் பதில் வந்தது. அன்று முகம் சிவந்தாலும், அவர் செய்தது சரி. ஆகையால் முதல் வாரமே பாடத்தின் ‘சிலபஸ்’ ஆவணத்தைப் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லி, தாமத வேலைக்கு என்ன தண்டனை, பேராசிரியரைச் சந்திக்கும் நேரம் எது, இறுதித் தேர்வு எத்தனை விழுக்காடு என்ற மூன்றையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அதே நாட்காட்டியில் பன்னிரண்டாம் வகுப்பு நாளையும் சிவப்பு மையில் குறிக்க வேண்டும். பன்னிரண்டாம் கல்லூரி வேலை நாள் என்பது அதன் பொருள். பதினாறு வாரப் பருவத்தில் அதற்குள் விலகினால் பாடம் டிரான்ஸ்கிரிப்டில் ஏறாது. அதன்பின் விலகினால் ‘டபிள்யூ’ என்ற எழுத்து நிற்கும். எத்தனை பாடம் எடுக்கலாம் என்பதற்கு இருந்த வரம்பை மாநிலம் 2015-இல் எடுத்துவிட்டதால், வரம்பு வைப்பது குடும்பத்தின் பொறுப்பாகிவிட்டது. பதினோராம் வகுப்பில் பருவத்துக்கு இரண்டு பாடத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. மருத்துவம் படிக்க எண்ணும் பிள்ளைக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும்: மருத்துவக் கல்லூரி விண்ணப்பங்களைத் திரட்டும் ஆம்காஸ் அமைப்பும், டெக்சஸுக்கென உள்ள டிஎம்டிஎஸ்ஏஎஸ் அமைப்பும், பள்ளிப் பருவத்தில் எடுத்த கல்லூரிப் பாடங்களின் மதிப்பெண்ணையும் ஜிபிஏயில் சேர்த்தே கணக்கிடுகின்றன. பதினாறு வயதில் வாங்கிய ஒரு ‘சி’ இருபத்திரண்டு வயதில் மேசைக்கு வரும்.

கடைசியாக, பள்ளி முடியும் கோடையில் பலர் மறந்துவிடும் ஒரு வேலை. பள்ளி அனுப்பும் டிரான்ஸ்கிரிப்டில் பாடத்தின் பெயர் இருந்தாலும் அதை வைத்துப் பல்கலைக்கழகம் கிரெடிட் தராது. பாடம் நடத்திய கல்லூரியிலிருந்தே அதிகாரபூர்வமான டிரான்ஸ்கிரிப்ட் போக வேண்டும். ஜூன் மாதத்தில், இறுதி மதிப்பெண்கள் ஏறிய பிறகு, மாணவரே தம் கல்லூரிக் கணக்கில் நுழைந்து கோரிக்கை அனுப்ப வேண்டும். இரண்டு கல்லூரிகளில் படித்திருந்தால் இரண்டிலிருந்தும் தனித்தனியாக அனுப்பச் செய்து, புதிய மாணவர் அறிமுக நாளுக்குமுன் வந்து சேர்ந்ததா என்று பல்கலைக்கழகக் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றுதான் முதல் பருவத்துக்கான பாடப் பதிவு நடக்கும்.