பின்கால் ஷூ மட்டும் ஏன் முதலில் கிழிகிறது? ஃபென்சிங் ஆடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொம்ப நாளாக ஃபென்சிங், அதாவது வாள்வீச்சு விளையாட்டு, ஆடுகிற ஒருவரின் பழைய ஷூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். வலதுகைக்காரர் என்றால் வலது ஷூவில் குதிகாலின் பின்விளிம்பு மழுங்கியிருக்கும், இடது ஷூவில் பெருவிரலை ஒட்டி உட்பக்கமாக மேல்துணி தேய்ந்து நூல்நூலாகப் பிரிந்திருக்கும், சில சமயம் சாக்ஸே வெளியே தெரியும். மற்ற இடமெல்லாம் கிட்டத்தட்ட புதுசு. இரண்டே இரண்டு இடம் போனதற்காக ஒரு ஜோடியையே தூக்கிப் போட எனக்கு மனசே வருவதில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் லஞ்ச்தான், அதாவது எதிராளியைத் தொட முன்காலை நீட்டிப் பாயும் அசைவு. முன்கால் பாய்ந்து குதிகாலில் இறங்கும்போது பின்கால் தரையோடு இழுபடுகிறது. வழுவழுப்பான மரத்தரையில் அது பெரிதாகத் தெரியாது. சொரசொரப்பான சிமெண்ட் தரையில் ஒவ்வொரு லஞ்சும் உப்புத்தாளில் ஒரு தேய்ப்பு. பிஸ்ட் என்கிற உலோக ஆடுகளமும் லேசுப்பட்டதில்லை. ஃபாயில், எப்பே என்ற இரண்டு வாள்வகைப் போட்டிகளில் வாள்முனை தரையில் பட்டால் தொடுதலைக் காட்டும் விளக்கு எரியக் கூடாது என்பதற்காக 14 மீட்டர் நீள ஆடுகளம் முழுக்க மின்சாரம் கடத்தும் உலோகத்தைப் போடுகிறார்கள். அதிலும் கம்பிவலை விரிப்பு பழசாகி இழைகள் அறுந்து நீட்டிக்கொண்டிருந்தால் ஷூவைப் பிறாண்டி எடுத்துவிடும்.

ஆனால் பழியை முழுக்கத் தரைமேல் போடுவதுதான் முதல் தவறு. லஞ்ச் முடியும்போது பின்காலின் பாதம் தரையில் படிந்திருக்க வேண்டும். நீளமான லஞ்சில் கொஞ்சம் இழுபடுவது சகஜம்தான், ஆனால் கணுக்கால் உள்பக்கம் சாய்ந்து பெருவிரல் பக்கமே தரையில் உரசிக்கொண்டு போனால் எந்த ஷூவும் தாங்காது. பயிற்சியின் கடைசி அரைமணி நேரம், கால் சோர்ந்த பிறகு, பின்னாலிருந்து யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள், அப்போதுதான் உண்மை தெரியும்.

அடுத்தது, ஓட்டை விழும்வரை காத்திருப்பது. ஷூ புதிதாக இருக்கும்போதே உரசும் இடத்தைக் காப்பாற்றி வைக்க வேண்டும். அந்த இடத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும் ஷூ பசையை மெல்லிசாகப் பூசி ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள், அப்புறம் இரண்டாவது பூச்சு. சட்டென்று ஒட்டும் பசை வேண்டவே வேண்டாம். அது கண்ணாடி மாதிரி இறுகி, விரல் மடங்கும் இடத்தில் துணியையும் சேர்த்துக்கொண்டு உடையும். டேப் சுற்றினால் ஒரு போட்டியை ஓட்டலாம், அவ்வளவுதான்.

சிலர் ரப்பர் ஒட்டுப் போடுகிறார்கள். நானும் ஒருவரிடம் சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றைக் கொடுத்து, சொல்யூஷன் வைத்து ஒட்டித் தரச் சொன்னேன். ஒட்டு அருமையாக நின்றது. ஆனால் அன்று மாலை லஞ்ச் போனபோது வழுக்க வேண்டிய கால் தரையைக் கவ்விப் பிடித்துக்கொண்டது, முழங்கால் ஒரு திருகு திருகியது, ஒரு வாரம் வலி. அந்த இடத்துக்குத் தேவை பிடிப்பு இல்லை, வழுக்கல். அதனால் தோல் துண்டுதான் சரி. அதையும் பக்கவாட்டில் மட்டும் ஒட்ட வேண்டும், சோலுக்கு அடியில் மடிந்து வந்தால் இரண்டே நாளில் பெயர்ந்துவிடும்.

வீட்டிலிருந்தே அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு வருவது, அதே ஷூவோடு ரோட்டில் வார்ம் அப் ஓடுவது, இதெல்லாம் வேண்டாம். சோலின் வரிகளுக்குள் மணல் ஏறினால் பிடிப்பும் போகும், ரப்பரும் தேயும். பையில் தனியாகக் கொண்டுவாருங்கள். ஆரம்பிக்கும் முன் தரையைக் கூட்டி, சோலை ஈரத்துணியால் ஒரு துடை துடையுங்கள்.

ரன்னிங் ஷூவும் இதற்கு ஆகாது. அடிப்பக்கம் உயரமாக, மெத்தென்று இருப்பதால் கால் பக்கவாட்டில் சாயும், பக்கத்து வலைத்துணியும் சீக்கிரம் கிழியும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு பாட்மின்டன் ஷூ போதும். வியர்த்த ஷூவை வெயிலில் காயப் போடாதீர்கள், ரப்பர் இறுகி ஒட்டு விட்டுப்போகும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள்.

பக்கவாட்டுத் தேய்மானத்தை ஒட்டுப் போட்டு எத்தனை நாள் வேண்டுமானாலும் ஓட்டலாம். குதிகால் பஞ்சு செத்துப்போன ஷூவை மட்டும் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். உள்ளே கைவிட்டுக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இருந்தாலோ, அமுங்கிய இடம் மேலே வராமல் அப்படியே கிடந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு லஞ்சின் அடியையும் உங்கள் குதிகால் எலும்புதான் வாங்கும். தூக்கிப் போடும் முன் அதில் தோல் ஏதாவது தேயாமல் இருந்தால் வெட்டி எடுத்து வையுங்கள், அடுத்த ஜோடியின் ஒட்டுக்கு ஆகும்.