குடையிலிருந்து ஒரு பாவாடை: இன்ஸ்பிரேஷனை உடுப்பாக்குவது எப்படி

ஃபேஷன் டிசைன் படிக்கிறேன் என்று சொன்னால் போதும், "இந்த ஐடியா எல்லாம் எங்கிருந்து வருது?" என்று கேட்டுவிடுவார்கள். ஐடியாவுக்குப் பஞ்சமே இல்லை. பூ, பூச்சி, துருப்பிடித்த கதவு, எதைப் பார்த்தாலும் வரும். வந்த ஐடியா மூட் போர்டில், அதாவது பிடித்த படங்களையும் துணித் துண்டுகளையும் ஒட்டிவைக்கும் பலகையில், ஒட்டிய படமாகவே கிடந்து காய்ந்துபோவதுதான் பிரச்சினை. என் முதல் மூன்று உடுப்புகள் அப்படித்தான் வீணாயின. நான்காவதாகத் தைத்த குடைப் பாவாடையில்தான் கொஞ்சம் பிடிபட்டது, அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

குடை என்று முடிவானதும் நான் செய்தது, துணி முழுக்கக் குடைப் படமாக வரைந்ததுதான். எங்கள் ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, "குடையில துணி என்ன பண்ணுது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து உடைந்த குடை ஒன்றை ஐம்பது தடவையாவது திறந்து மூடியிருப்பேன். விறைக்கிறது, தொய்கிறது, மடிகிறது, கம்பியைச் சுற்றிக்கொள்கிறது. ஆக, உங்களைக் கவர்ந்த பொருள் எதுவானாலும் அது எப்படி இருக்கிறது என்று எழுதாதீர்கள், என்ன செய்கிறது என்று ஐந்தாறு வினைச்சொற்களாக எழுதிப் பாருங்கள். வினைச்சொல்லைத் தைக்க முடியும், "அழகு", "மென்மை" மாதிரி சொற்களை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பெரிய டிசைனர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால் இன்னும் தெளியும். பிரெஞ்சு டிசைனர் கிறிஸ்டியன் டியோர் 1947-இல் காட்டிய தொகுப்பில் ஒரு வரிசைக்கு 'கொரோல்' என்று பெயர் வைத்தார், பூவின் அல்லிவட்டம் என்று அர்த்தம். ஆனால் பூவை அவர் துணியில் அச்சடிக்கவில்லை, இடுப்பை இறுக்கிப் பாவாடையை விரித்துவிட்டார், அந்த விரிவுதான் பூ. இன்னொரு பிரெஞ்சு டிசைனர் இவ் செயின்ட் லாரன், கறுப்புக் கோடும் வண்ணக் கட்டமுமாக வரைந்த ஓவியர் மோன்ட்ரியனைப் பார்த்து 1965-இல் செய்த மோன்ட்ரியன் உடை இன்னும் கெட்டிக்காரத்தனம். பார்க்க ஓவியத்தை அப்படியே அச்சடித்த மாதிரி இருக்கும், உண்மையில் ஒவ்வொரு வண்ணக் கட்டமும் தனித்தனியாக வெட்டிச் சேர்த்த ஜெர்சி என்ற பின்னல் துணி. உடம்பு வளைவுக்கு வேண்டிய வடிவமெல்லாம் அந்தக் கோடுகளின் தையலுக்குள் ஒளிந்திருக்கிறது. ஓவியத்தின் கோடே உடையின் தையலாகிவிட்டது!

சரி, அடுத்தது பிரிப்பது. குடைத் துணியைப் பிளேடால் தையல் பிரித்து, ஒரு பேனலை, அதாவது இரண்டு கம்பிக்கு நடுவில் வரும் துண்டை, மட்டும் காகிதத்தில் வைத்து வரைந்தேன். நேரான முக்கோணமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், பக்கங்கள் இரண்டும் லேசாக வெளியே வளைந்திருந்தன. இடுப்பிலிருந்து இறங்கும் பாவாடைப் பேனலுக்கும் அதே வளைவுதானே வேண்டும்! அந்த ஒரு கோடு கிடைத்ததும் மூட் போர்டைக் கழற்றி வைத்துவிட்டேன்.

பேட்டர்னை, அதாவது துணி வெட்டுவதற்கான காகித வடிவத்தை, முதலில் பாதி அளவில் போடுங்கள். பிரெஞ்சு டிசைனர் மதலேன் வியோனே சின்ன மரப்பொம்மை மேல் துணியைச் சுற்றித்தான் வடிவமைத்தார், துணியை இழைக்குச் சாய்வாக வெட்டும் குறுக்கு வெட்டில் அவரை மிஞ்ச ஆளில்லை. நீளமும் அகலமும் பாதியாவதால் துணி நாலில் ஒரு பங்கு போதும். ஒரு எச்சரிக்கை, சின்ன அளவில் எந்தத் துணியும் கொஞ்சம் விறைப்பாகத்தான் நிற்கும், அதனால் வடிவத்தை மட்டும் நம்புங்கள், தொங்கும் விதத்தை நம்பாதீர்கள்.

அப்புறம் முழு அளவு. இடுப்பு 28 இன்ச், பேனல் 8, ஒன்றுக்கு 3.5 இன்ச், இருபுறமும் அரை இன்ச் தையலுக்கு விட்டால் 4.5. கணக்கு சுலபம், கை நடுங்குவதுதான் கஷ்டம். எட்டுப் பேனலுக்குப் பதினாறு ஓரம், ஓரத்துக்கு ஒரு நூல் பிசகினாலும், அதாவது கால் இன்ச்சில் பாதி, இடுப்பில் முழுசாக 2 இன்ச் மாறிவிடும். எனக்கு அப்படித்தான் 30 இன்ச் வந்து பாவாடை கீழே நழுவியது. நல்ல வேளை, அது காடாத் துணியில் போட்ட மாதிரித் தையல். இந்த ஒத்திகையை மட்டும் யார் சொன்னாலும் விடாதீர்கள். போட்டுக்கொண்டு நில்லுங்கள், உட்காருங்கள், படி ஏறுங்கள், இடிக்கும் இடத்தில் துணி மேலேயே பேனாவால் குறியுங்கள்.

குடைக் கம்பி மாதிரி தையல் கோடு துருத்தி நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. முதலில் தையலுக்குள் போனிங் என்ற விறைப்பான பட்டையை வைத்தேன், நிற்கும்போது பிரமாதம், உட்கார்ந்தால் பாவாடை முகத்துக்கு வந்தது. கழற்றிவிட்டு 3 மில்லிமீட்டர் கயிறு வைத்து பைப்பிங் செய்தேன், அதாவது கயிற்றைத் துணிப்பட்டியில் சுற்றித் தையலுக்குள் வைத்தேன். அதற்கு 1.5 இன்ச் அகலத்தில் பட்டியைக் கிராஸாக, 45 டிகிரியில் வெட்ட வேண்டும், நேர் இழையில் வெட்டினால் வளைவில் சுருக்கம் விழும். துணியை நனைத்துக் காயவைத்து அயர்ன் பண்ணித்தான் வெட்டினேன், கயிற்றை நனைக்க மறந்துவிட்டேன். முதல் சலவையில் கயிறு சுருங்கி எட்டுத் தையலும் நெளிந்துபோனது, ஒரு வாரம் பிரித்துத் திரும்பத் தைத்தேன். பருத்தியில் எது உள்ளே போனாலும் முதலில் தண்ணீரைப் பார்த்திருக்க வேண்டும்.

பைப்பிங்கை முதலில் ஓட்டுத் தையலில் பிடித்துவைத்துவிட்டு, பிறகு கயிற்றை ஒட்டிக் கையாலேயே பின் தையல் போட்டேன். மெஷினில் முடியாது என்றில்லை, வளைவில் கைக்குக் கட்டுப்படுகிற மாதிரி என் மெஷின் எனக்குக் கட்டுப்படுவதில்லை. நூலை விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் எடுங்கள், அதற்கு மேல் போனால் முடிச்சு விழும். ஒவ்வொரு தையல் முடிந்ததும் அயர்ன் பண்ணிவிட்டுத்தான் அடுத்தது, கடைசியில் மொத்தமாகத் தேய்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம்.

மூடிய குடையைச் சுற்றிக் கட்ட ஒரு பட்டியும் பட்டனும் இருக்குமே, அதைத்தான் கடைசியாக எடுத்துக்கொண்டேன். பட்டியைக் கட்டினால் பாவாடை ஒடுங்கும், அவிழ்த்தால் விரியும். முதலில் முழங்கால் உயரத்தில் வைத்துவிட்டு இரண்டடி நடந்ததும் தடுக்கி விழப் பார்த்தேன். இப்போது இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, பக்கவாட்டில் இரண்டு பேனலை மட்டும் பிடிக்கிற மாதிரி இருக்கிறது.

கீழ் மடிப்பை அவசரப்பட்டு அடிக்காதீர்கள். விரிந்த பேனலின் ஓரங்கள் இழைக்குச் சாய்வாக வருவதால் தொங்கத் தொங்க நீளும். ஒரு நாள் முழுக்க ஹேங்கரில் விட்டு, அப்புறம் யாரையாவது போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லி, தரையிலிருந்து ஸ்கேல் வைத்துச் சுற்றிலும் குறியுங்கள். என்னுடையதில் பைப்பிங் போன இடங்கள் நீளவே இல்லை, நடுப்பகுதி மட்டும் இறங்கியிருந்தது. அந்த நெளிவு நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் வெட்டிவிட்டேன், ஏனென்றால் உண்மையான குடையில் கம்பி முனைதானே நீண்டிருக்கும்.