உரோமத்தோல் வணிகர்களின் வழியுணவான பெமிக்கனைச் செய்யும் முறை

1811 ஜனவரியில் உரோமத்தோல் வணிகரும் நில ஆய்வாளருமான டேவிட் தாம்சன் அத்தபாஸ்கா கணவாயைக் கடந்தபின், கனடாவின் மேற்கு மலைகளைத் தாண்டிய உரோமத்தோல் வணிகர்களுக்கு அதுவே பல்லாண்டுகள் முக்கிய வழியாக இருந்தது. பனிக்காலணியுடன் நடந்தவர்களின் பசியைத் தாங்கிய உணவுகளுள், உலர்த்தி இடித்த இறைச்சியைக் கொழுப்போடு பிசைந்து செய்யும் பெமிக்கன் தலையாயது. பழங்குடி மக்களிடமிருந்து வணிகர்கள் கற்ற இந்த அரிய கலை கவனத்தோடு செய்யத் தக்கது.

கொழுப்பில்லாத காட்டெருமை இறைச்சியை, கிடைக்காவிடில் மாட்டிறைச்சியை, மெல்லிய கீற்றுகளாக அரிந்து, 71 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றியபின் உலர்த்துங்கள். வளைத்தால் வெறுமனே மடங்காமல் விரிசல் விடும் வரை பொறுக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும் என்பதால், இந்த ஒரு கட்டத்தில் மட்டும் அவசரம் கூடவே கூடாது. பின்னர் அதைப் பஞ்சுபோல் இடித்து, சாஸ்கட்டூன் என்னும் சிறு காட்டுப்பழங்களை உலர்த்திச் சேர்த்து, ஏறத்தாழ இறைச்சியின் எடைக்குச் சமமாக, உருக்கி வடித்த கொழுப்பை ஊற்றிப் பிசையுங்கள். அக்காலத்தில் இக்கலவையைக் காட்டெருமைத் தோற்பையில் திணித்துத் தைத்தார்கள். ஒரு மூட்டை சுமார் 40 கிலோ இருக்கும். நாம் சிறு கட்டிகளாக்கி, காற்றுப் புகாமல் குளிரில் வைக்கலாம்.

உண்ணும்போது வெட்டி அப்படியே மெல்லலாம். வணிகர்களின் படகோட்டிகள் செய்ததுபோல் மாவும் நீரும் சேர்த்துக் கொதிக்கவைத்தால் கெட்டியான ரபபூ கஞ்சி கிடைக்கும், குளிருக்கு அதுவே எனக்குப் பிடித்தது.