போர்ட் ஃபிளிப், ஷெரி ஃபிளிப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரில் புதிதாகச் சேருகிறவர்கள் ஃபிளிப் என்ற காக்டெய்லைக் கலக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பேன். ஆரம்பத்தில் நான் செய்த அதே தப்புகளை வரிசையாகச் செய்கிறார்கள். முழு முட்டை, சர்க்கரைப் பாகு, போர்ட் (போர்ச்சுகல் ஒயின்) அல்லது ஷெரி (ஸ்பெயின் ஒயின்), மேலே ஜாதிக்காய்: ஃபிளிப் அவ்வளவுதான். பாலும் கிரீமும் கிடையாது. அந்த வழவழப்பு முழுக்க மஞ்சள் கருவாலும் குலுக்கலாலும் வருவது. ஓட்டுத் துண்டு விழுவது போன்ற சில்லறைத் தப்புகளை விட்டுவிடுகிறேன்.

மாதக்கணக்கில் திறந்து கிடக்கும் பாட்டில்

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். போர்ட்டில் 20 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது, விஸ்கி மாதிரி கெடாது என்று நினைத்து, திறந்த பாட்டிலை விளக்குக்குக் கீழே அலமாரியில் நிறுத்திவிடுகிறார்கள். அது ஒயின்தான். திராட்சைச் சாராயம் சேர்த்து வலுவாக்கியிருந்தாலும், திறந்ததும் காற்று தன் வேலையைத் தொடங்கிவிடும்.

கூட வேலை செய்த தம்பி ஒருவன் கலந்த போர்ட் ஃபிளிப்பை ஒரு வாடிக்கையாளர் ஒரு வாய் குடித்துவிட்டு, "முட்டை வாடை அடிக்குதே" என்று தள்ளி வைத்தார். வேறு முட்டை உடைத்துக் கலந்தான். அதே வாடை. பாகைக் கூட்டினான், ஜாதிக்காயை அள்ளிப் போட்டான். கடைசியில் ஒரு தட்டு முட்டையையே குப்பையில் கொட்டப் போனான். பாட்டிலை வாங்கி, கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி வெளிச்சத்தில் காட்டினேன். கருஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ரூபி போர்ட் ஓரத்தில் செங்கல் நிறமாகப் பழுத்திருந்தது. பழ வாசனை சுத்தமாக இல்லை, லேசான காடி நெடி மட்டும். முட்டையில் ஒரு குறையும் இல்லை. முட்டை வாடையை அமுக்குவதே ஒயினின் பழ வாசனைதான். அது போனால் முட்டை துருத்திக்கொண்டு நிற்கும். பழி மட்டும் ஒவ்வொரு முறையும் முட்டை மேல்தான் விழுகிறது.

திறந்த ரூபி போர்ட் ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று வாரம் தாங்கும். மரப்பீப்பாயில் முதிர்ந்த டானி போர்ட்டும், காற்றோடு முதிர்ந்த ஒலோரோசோ ஷெரியும் ஒன்றிரண்டு மாதம். வெளிறிய, இனிப்பில்லாத ஃபினோ ஷெரி ஒரு வாரம் தாண்டினாலே சப்பென்று ஆகிவிடும். மதேரா மட்டும் விதிவிலக்கு: தயாரிக்கும்போதே சூட்டையும் காற்றையும் பார்த்துவிட்ட ஒயின், மாதக்கணக்கில் நிற்கும். திறந்த தேதியை லேபிளிலேயே எழுதுங்கள். விற்பனை குறைவென்றால் 375 மில்லி பாட்டில் வாங்குங்கள். கலப்பதற்கு முன் ஒரு ஸ்பூன் குடித்துப் பாருங்கள். வாசனை போன பாட்டிலைச் சமையலறைக்குக் கொடுத்தால் இறைச்சிக் குழம்புக்காவது ஆகும்.

வின்டேஜ் போர்ட்டை ஊற்றுவது

பல வருடம் முதிர வைத்துக் குடிக்கும் விலை உயர்ந்த ஒயின் அது, இதற்கு வேண்டாம். ரூபி போதும்.

எல்லா ஒயினுக்கும் ஒரே அளவு பாகு

போர்ட்டில் நொதித்தலைப் பாதியில் நிறுத்தித்தான் சாராயம் சேர்க்கிறார்கள். திராட்சையின் இனிப்பு அப்படியே தங்கிவிடுகிறது. 60 மில்லி போர்ட்டுக்கு ஒரு டீஸ்பூன் பாகே தாராளம். ஒலோரோசோவில் நொதித்து முடிந்த பிறகுதான் சேர்ப்பார்கள், அதனால் அதற்கு 15 மில்லி வரை வேண்டும். கிரீம் ஷெரி ஏற்கெனவே இனிப்பூட்டியது. முட்டையிலும் அளவு பார்க்க வேண்டும், பெரிய முட்டை ஒயினை மூழ்கடித்துவிடும். சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் போர்ட்டோ ஃபிளிப்பில் 45 மில்லி டானி, 15 மில்லி பிராந்தி, 10 மில்லி மஞ்சள் கரு மட்டுமே. கனமான நுரை பிடிக்காதவர்களுக்கு அதைக் கலந்து கொடுங்கள்.

நேராக ஷேக்கருக்குள் முட்டை உடைப்பது

தனிக் கிண்ணத்தில் உடைத்து, முகர்ந்து பார்த்து, அப்புறம் சேருங்கள்.

எடுத்ததுமே ஐஸ் போடுவது

முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்கினால்தான் நுரை நன்றாகக் கட்டும். குளிர் இல்லாததால் மூடி இறுக்கமாகப் பிடிக்காது; இரண்டு கையாலும் அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் ஐஸ் போட்டு, ஷேக்கர் வெளியே பனித்துப் போகும் வரை குலுக்கி, சின்ன வடிகட்டி வழியாக ஊற்றுங்கள்.

மது இருக்கிறதே, கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கை

சாகாது. முட்டையும் பாகும் கலந்த பிறகு ஃபிளிப்பில் ஆல்கஹால் சுமார் 10 சதவீதம்தான். சால்மொனெல்லாவை அது ஒன்றும் செய்யாது. புது முட்டை வாங்குங்கள், கிடைத்தால் பாஸ்டுரைஸ் செய்ததை (இளஞ்சூட்டில் கிருமி நீக்கியதை). பச்சை முட்டை சேர்த்தது என்பதைக் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். வயதானவர்களும் நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் கேட்டால் வேறு ஒன்றைக் கலந்து கொடுங்கள்.

டப்பா ஜாதிக்காய்த் தூள்

முழுக்காயை அப்போதே துருவுங்கள்.