மலாவி ஏரியின் பாறை மீன்களுக்குத் தொட்டி அமைப்பது எப்படி?

தொட்டி வாங்கியதும் மீன் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் கற்களைத் தேடுங்கள். ம்புனா எனப்படும் சிக்லிட் மீன்கள் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறைக் கரைகளில் வாழ்பவை. பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்று, அதன் இடுக்குகளிலேயே ஒளிந்து, அங்கேயே எல்லை வகுத்துக்கொண்டு சண்டையும் போடுபவை. செடி வளர்க்கும் ஆசை இருந்தால் வேறு மீன் பாருங்கள்; இவை பெரும்பாலான செடிகளைக் கடித்தும் பிடுங்கியும் தீர்த்துவிடும்.

நான்கடி நீளத்துக்குக் குறைந்த தொட்டி வேண்டாம். அடிக்கண்ணாடி மீது பிளாஸ்டிக் தகடு விரித்து, கற்களை நேரே அதன்மேல் அமர்த்துங்கள். மணல் பிறகுதான். மணலின் மேல் கல்லை அடுக்கினால், மீன்கள் தோண்டத் தோண்ட அடுக்கு சரிந்து கண்ணாடியை உடைக்கும். குகைகள் இருபுறமும் திறந்திருக்கட்டும். துரத்தப்படும் மீனுக்குப் பின்வாசல் இல்லையென்றால் அது பிழைக்காது.

தண்ணீர் கடினநீராக இருக்க வேண்டும். பி.எச். 7.8 முதல் 8.6 வரை, வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை போதும். மென்னீர் என்றால் பில்டருக்குள் நொறுக்கிய பவளத்தைப் போடுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: பி.எச். ஏற ஏற அம்மோனியாவின் நச்சும் ஏறும். எனவே பில்டர் முழுமையாகப் பழகாமல், அதாவது அம்மோனியாவை முறிக்கும் பாக்டீரியா அதில் வளராமல், மீன் விடாதீர்கள்.

தொடங்குபவருக்கு என் தேர்வு மஞ்சள் லேபிடோகுரோமிஸ்தான். இந்தக் கூட்டத்தில் அதுவே சாது. நீலக் குட்டியின் அழகில் மயங்கிக் கென்யி என்ற ம்புனா இனத்தை வாங்காதீர்கள். அதன் ஆண் வளர்ந்து மஞ்சளாக மாறும்போது தொட்டிக்கே ரவுடியாகிவிடும். எந்த இனமானாலும் ஓர் ஆணுக்கு மூன்று, நான்கு பெண்கள் இருந்தால் ஆணின் அடி ஒரே பெண்ணின்மேல் விழாது. புதிய மீன் விடும் நாளில் கற்களைக் கொஞ்சம் மாற்றி அடுக்குங்கள். பழைய எல்லைகள் குலைந்து எல்லாரும் புதிதாகத் தொடங்குவார்கள். உருவம் ஒத்த இரண்டு இனங்களைச் சேர்க்காதீர்கள், கலந்து குஞ்சு பொரிக்கும்.

தீனியில்தான் நான் கண்டிப்பானவன். ஸ்பைருலினா என்ற பாசி கலந்த தீனி, சிறிதளவு, அவ்வளவுதான். பாசி தின்னும் நீண்ட குடலுக்கு மாட்டிதயமும் ரத்தப்புழுவும் அன்றாட உணவல்ல. வயிறு உப்பிச் சாகும் நோயில் கொண்டுபோய் விடலாம்.

தாடை புடைத்த ஒரு பெண் மீன் இரையைத் தொடாமல் ஒதுங்கினால் பதறாதீர்கள். அவள் வாயில் முட்டைகள் இருக்கின்றன. ஏறத்தாழ மூன்று வாரம் அப்படியே சுமப்பாள். குஞ்சுகள் வெளிவரும்போது பெரிய மீன் நுழைய முடியாத சிறு கற்குவியல் ஒன்று ஒரு மூலையில் தயாராக இருக்கட்டும்.