யாழ்ப்பாணத்துப் பழைய வீட்டில முந்தி ஆர் ஆர் இருந்தவை எண்டு தேடுறது எப்பிடி

வீட்டு வரலாறு தேட வெளிக்கிடுற கனபேர் அப்பப்பா, அவற்ர அப்பா எண்டு ஆம்பிளையள் வழியாலதான் போகினம். யாழ்ப்பாணத்தில அப்பிடிப் போனா பாதியில நிண்டிடுவியள். ஏனெண்டா இங்க வீடுவளவு கூடுதலாச் சீதனமாப் பொம்பிளைப்பிள்ளையளுக்குத்தான் போனது, அம்மம்மாவிட்ட இருந்து அம்மாவுக்கு, அம்மாவிட்ட இருந்து மகளுக்கு. மருமகன் வந்து குடியிருப்பார், ஊரும் அவற்ர பேரிலதான் வீட்டைச் சொல்லும், ஆனா காணி உறுதிப் பத்திரத்தில உரிமைக்காரி அவற்ர மனுசி. ஒல்லாந்தர் 1707இல தேசவழமை எண்ட யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டத்தை எழுத்தில ஏத்தேக்கையே முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடின சொத்து) எண்டு பிரிச்சுத்தான் எழுதினவை. அதால பெண்வழியாத் தேடுங்கோ, பாட்டியின்ர கலியாணத்துக்கு முந்தின பேர், தகப்பன்ர பேர் ரெண்டையும் முதலே கேட்டு எழுதி வையுங்கோ.

அடுத்தது உறுதி. இப்ப கையில இருக்கிற உறுதியை எடுத்து, கையெழுத்துகளைப் பாத்திட்டு மூடி வைக்காம, காணியை விபரிக்கிற பகுதியை ஆறுதலா வாசியுங்கோ. காணியின்ர பேர், எத்தினை பரப்பு எத்தினை குழி எண்ட அளவு, கிணத்தில எவ்வளவு பங்கு, வழிவாய்க்கால் ஆற்ர காணிக்குள்ளால போகுது, நாலு எல்லையிலயும் ஆர் ஆர் எண்டு எல்லாம் அதில இருக்கும். இந்த எல்லைப் பேருகள் பெரிய சொத்து, உங்கட வீட்டின்ர பழைய உறுதி கிடைக்காட்டியும் பக்கத்து வளவுக்காரற்ர பழைய உறுதியில உங்கட ஆக்களின்ர பேர் எல்லையா நிக்கும். இன்னொண்டு, நான் இதைத்தான் எல்லாத்திலயும் பெரிசாச் சொல்லுவன்: ஒரு உறுதியில வெறும் வளவு, இல்லாட்டி மண்வீடு எண்டு இருந்து அடுத்த உறுதியில "கல்வீடு, கிணறு" எண்டு வந்தா, இந்த ரெண்டு திகதிக்கும் இடையிலதான் கல்வீடு கட்டுப்பட்டிருக்கோணும். வீட்டின்ர வயசைக் கண்டுபிடிக்க இதை மாதிரி நம்பக்கூடிய வழி வேற குறைவு.

உறுதிக்குள்ள முந்தின உறுதியின்ர நம்பர், திகதி, உறுதியை எழுதி முடிச்ச நொத்தாரிசின்ர (உறுதி எழுதுற சட்டத்தரணி) பேர் எழுதியிருக்கும், அதைப் பிடிச்சுக்கொண்டு ஒண்டொண்டாப் பின்னால போகலாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தோட காணி கைமாற நொத்தாரிசு உறுதி கட்டாயம். நொத்தாரிசு ஒரு பிரதியைத் தன்னட்ட வச்சுக்கொண்டு மற்றதைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்போணும், அதால இடம்பெயர்வில வீட்டுப் பெட்டியோட உறுதி துலைஞ்சு போனாலும் மனம் விடாம அங்க போய்க் கேளுங்கோ. அறுதி (முழு விற்பனை), நன்கொடை, ஈடு (அடமானம்), ஒற்றி எல்லாத்தையும் எடுங்கோ, ஒற்றியை விடவே விடாதேங்கோ, ஒற்றி குடுத்த காலத்தில வீட்டை அனுபவிச்சது காசு குடுத்தவர், உரிமைக்காரர் இல்ல. சகோதரங்களுக்குள்ள பாகப்பிரிவினை வழக்கு ஏதும் நடந்ததோ எண்டும் கேளுங்கோ, அந்த வழக்குப் பைலில வம்சாவளியும் நில அளவைப் படமும் சேர்ந்தே கிடக்கும்.

உரிமைக்காரர் வேற, இருந்தவர் வேற. வாடகைக்கு இருந்த வாத்தியார், கந்தோர் உத்தியோகத்தர் எல்லாம் உறுதியில வராயினம். அவையைப் பிடிக்க மாநகரசபைச் சோலைவரி (வீட்டுவரி) பதிவும் பழைய வாக்காளர் இடாப்பும் உதவும். மெயின் ஸ்ரீற், சுண்டிக்குளிப் பக்கம் பறங்கியர் (ஐரோப்பிய வழி வந்த ஆக்கள்) இருந்த வீடெண்டா கோயில் ஞானஸ்நானப் பதிவுகளைப் பாருங்கோ, 1908இல தொடங்கின டச்சு பேகர் யூனியன்ர சஞ்சிகையிலயும் குடும்ப வம்சாவளியள் கனக்க இருக்கு.

பிறகு கல்வெட்டு. கல்லில வெட்டினது இல்ல, செத்தவீட்டுக்குப் பிறகு 31ஆம் நாள் குடுக்கிற புத்தகம். ஆர் எங்க பிறந்தது, ஆரைக் கட்டினது, மலாயாவில ரெயில்வேயில எத்தினை வருசம் வேலை செய்தது, பென்சனோட வந்து எந்த வளவில வீடு கட்டினது எண்டெல்லாம் அதுக்குள்ள இருக்கும், புகழ்ச்சியைக் கழிச்சுப்போட்டு வாசிச்சாக் காணும். நூலகம் இணையத்தளத்தில நினைவுமலர்கள் நிறைய ஏத்தி வச்சிருக்கினம், ஊர்ப்பேரைப் போட்டுத் தேடுங்கோ.

வீட்டையும் ஒருக்கா வடிவாப் பாருங்கோ. கூரையில ஏறுற மேசன் வந்தா ஒரு ஓட்டைக் கழட்டித் திருப்பிக் காட்டச் சொல்லுங்கோ, அடிப்பக்கத்தில கொம்பனிப் பேர் பதிஞ்சிருக்கும். பேசல் மிசன் எண்ட கிறிஸ்தவ மிசன் மங்களூரில ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினது 1865இல, அதைப் பிறகு எடுத்து நடத்தின கொமன்வெல்த் டிரஸ்ட் எண்டு இருந்தா அது முதலாம் உலகப்போருக்குப் பிறகு செய்த ஓடு. ஆனா ஓடு மாத்தியிருப்பினம், செல் விழுந்து உடைஞ்ச கூரையளுக்கு வேற வீட்டு ஓடும் போட்டவை, அதால ஓட்டை மட்டும் வச்சு வீட்டுக்கு வயசு சொல்லாதேங்கோ. சுவரில முருகைக்கல்லோ சுண்ணக்கல்லோ, வளை பனையோ எண்டும் பாத்து போட்டோ எடுங்கோ.

போருக்குள்ள 1995 ஒக்ரோபர் 30இல நடந்த பெரிய இடப்பெயர்வையும் அதுக்குப் பிறகு நடந்ததையும் விட்டிட்டு எழுதாதேங்கோ. ஒரே ராத்திரியில சனம் தென்மராட்சிப் பக்கம் நடந்தது, திரும்பி வந்து பாத்தா எத்தினையோ வீட்டில வேற ஆக்கள், வேற ஊரில இருந்து இடம்பெயர்ந்து வந்து வருசக்கணக்கா இருந்த குடும்பங்கள். அவையும் அந்த வீட்டின்ர ஆக்கள்தான், அங்க பிள்ளை பெத்தவை, கிணத்தில தண்ணி அள்ளினவை. ஆனா கேக்கேக்க பக்குவமாக் கேளுங்கோ, ஒரு காணியைப் பத்து வருசம் தடையில்லாம ஆண்டா உரிமை கேக்கலாம் எண்டு ஆட்சியுரிமைச் சட்டம் இருக்கிற இடத்தில உறுதியைப் பற்றிக் கேட்டாலே காணி பிடிக்க வந்திட்டாங்கள் எண்டு பயப்பிடுவினம். முதலே சொல்லிப்போடுங்கோ, "அம்மா, எனக்குக் காணி வேண்டாம், ஆர் இருந்தவை எண்டு மட்டும் சொல்லுங்கோ" எண்டு. உறுதிப் பிரதியளை பேஸ்புக்கில போடாதேங்கோ, உயிரோட இருக்கிற ஆக்களின்ர பேரைக் கேக்காம எழுதாதேங்கோ.

கிடைச்ச கல்வெட்டு, போட்டோ எல்லாத்தையும் ஸ்கான் பண்ணி, எங்க ஆரிட்ட எடுத்தது எண்டு எழுதி, ஒரு கொப்பியை வெளிநாட்டில இருக்கிற சகோதரத்திட்டயும் குடுத்து வையுங்கோ. வயசான ஆக்களின்ர குரலைப் போனில பதியிற வேலையை மட்டும் பிந்தப் போடாதேங்கோ, உறுதி பதிவகத்தில இன்னும் கன வருசம் கிடக்கும்.