பண்ணைக்கு இரண்டாவது வருமானம் தேடும்போது சறுக்கும் இடங்கள்

விளைச்சலை மட்டும் நம்பி ஒரு குடும்பம் ஆண்டு முழுவதையும் ஓட்டுவது எளிதல்ல. அதனால்தான் பண்ணைச் சுற்றுலா, காளான், தேனீ, மண்புழு உரம் என்று பலரும் பக்கத் தொழில் தேடுகிறார்கள். தேடுவது சரிதான். ஆனால் இரண்டாவதாக வந்த தொழில் முதல் தொழிலின் நேரத்தையும் தண்ணீரையும் தின்றுவிட, கடைசியில் இரண்டும் நொடிந்துபோன பண்ணைகளைப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. தொடங்குவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய சில கேள்விகளை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் வருவதும் பெரியதும், தொழில்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலே பாதுகாப்பு வந்துவிடும் என்ற நினைப்பு. வயல், மாடு, தீவனப் பயிர், மீன் குட்டை என்று ஒருவரிடம் நான்கு தொழில்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நான்குக்கும் ஒரே கிணறு. மழை பொய்த்தால் பயிர் வாடும், தீவனம் குறையும், பால் குறையும், குட்டையும் வற்றும். எண்ணிப் பார்க்க நான்கு இருந்தாலும் ஆபத்து ஒன்றுதான். அது வரும்போது நான்கையும் சேர்த்தே அடிக்கும்.

பண்ணைச் சுற்றுலாவும் இதற்கு விலக்கல்ல. 2001இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. நோய் பரவாமல் இருக்கக் கிராமப்புற நடைபாதைகளையும் மூடினார்கள், விருந்தினர் வரவும் நின்றது. ஆடு மாடு வளர்த்துக்கொண்டே வீட்டில் விருந்தினரையும் தங்கவைத்த குடும்பங்களுக்கு இரண்டு வருமானமும் ஒரே நேரத்தில் போயின.

அதனால் தொழிலைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். வறட்சி, விலைச் சரிவு, கால்நடை நோய், ஒரு மாதம் நீங்களே படுக்கையில் விழுவது என்று வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அப்போது எந்த வருமானம் நின்றுபோகும் என்று குறியுங்கள். ஒரே வரியில் எல்லாமே நின்றுபோனால், நீங்கள் சேர்க்க நினைக்கும் தொழில் உங்களைக் காப்பாற்றாது. விளைபொருளைக் காயவைத்து, அரைத்து, இருப்பில் வைத்து விற்பது விலைச் சரிவுக்கு எதிராக நிற்கும். உழவுக் கருவிகளை வாடகைக்கு விடுவது உங்கள் பயிர் பொய்த்தாலும் ஓரளவு ஓடும். ஆனால் ஊரெல்லாம் வறண்டால் அதுவும் படுத்துவிடும். இப்படி ஒவ்வொன்றாக யோசிக்க ஒரு மாலைப் பொழுது போதும்.

அடுத்த தவறு, விளைவிக்கக் கற்றுக்கொண்டு விற்கக் கற்றுக்கொள்ளாமல் இறங்குவது. சிப்பிக் காளானில் இதை அடிக்கடி பார்க்கலாம். பயிற்சி முடிந்த சூட்டோடு கொட்டகை போட்டு, ஒரே வாரத்தில் நூறு படுக்கை (காளான் முளைக்கும் வைக்கோல் பைகள்) தயார் செய்துவிடுகிறார்கள். எல்லாம் ஒரே சமயத்தில் பூக்கும். பறித்த காளான் குளிரூட்டாமல் ஓரிரு நாள்கூடத் தாங்காது. அன்றைக்கு எடுத்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். பத்துப் படுக்கையில் தொடங்கி, சில நாள் இடைவெளி விட்டு அடுத்த பத்தைப் போட்டு, தினமும் வாங்குபவர் நாலு பேரைப் பிடித்த பிறகு கூட்டுவதே நல்லது. உங்களோடு அதே பயிற்சிக்கு வந்தவர்களும் அதே சந்தைக்குத்தான் வருவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

தேனீ வேறு மாதிரி. தேன் பல மாதம் கெடாது, விற்க அவசரம் இல்லை. ஆனால் தேனீக்கள் தீனி தேடி 2, 3 கிலோமீட்டர் வரை போகும். உங்கள் நிலத்தில் மருந்து தெளிக்காமல் இருந்தால் மட்டும் போதாது. அந்தச் சுற்றளவில் யார் எப்போது தெளிக்கிறார்கள் என்று தெரியாமல் பெட்டி வைத்தால், ஒரு காலையில் பெட்டிக்கு முன் செத்துக் கிடக்கும் தேனீக்களைத்தான் பார்ப்பீர்கள். அக்கம்பக்கத்தாரோடு முதலிலேயே பேசிவிடுங்கள். பூக்கும் நேரத்தில் தெளித்தே ஆக வேண்டுமென்றால், தேனீக்கள் பெட்டிக்குத் திரும்பிய பிறகு மாலையில் தெளிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

பண்ணைச் சுற்றுலாவில் ஆளை விழுத்தாட்டுவது பெரும்பாலும் கட்டடம். கடன் வாங்கி நான்கு குடில் கட்டிவிட்டு விருந்தினருக்காகக் காத்திருப்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வார இறுதியில் மட்டும் ஆள் வந்தால் ஆண்டுக்கு 104 நாள். அதில் மழைக்காலத்தைக் கழியுங்கள், தேர்வுக் காலத்தைக் கழியுங்கள், அறுவடை நேரத்தில் நீங்களே நிற்க நேரமில்லாத நாள்களையும் கழியுங்கள். மிஞ்சும் நாள்களின் வரவு 12 மாதத் தவணையையும் தாங்க வேண்டும். அதனால் முதல் ஆண்டில் அறையே வேண்டாம். காலையில் வந்து மாலையில் திரும்பும் சிறு குழுக்களை அழையுங்கள். நிழல், நல்ல குடிநீர், சுத்தமான கழிப்பறை, இந்த மூன்றும் இருந்தால் தொடங்கிவிடலாம். என்ன கேட்கிறார்கள், எதைப் பார்த்து நின்றுவிடுகிறார்கள், திரும்பி வருகிறார்களா என்பதெல்லாம் அந்த ஓர் ஆண்டில் தெரிந்துவிடும்.

பாதுகாப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், இதில் தவறினால் திருத்த முடியாது. நமக்குப் பழகிப்போன பண்ணை, வெளியாளுக்கு ஆபத்தான இடம். திறந்த கிணறு, வேலியில்லாத குட்டை, மின்வேலி, கன்று ஈன்ற பசு, பூட்டாத மருந்து அலமாரி இவற்றையெல்லாம் ஒரு ஐந்து வயதுக் குழந்தையின் உயரத்திலிருந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் உண்டு. 2009இல் இங்கிலாந்தில் விலங்குகளைத் தொட்டு விளையாட அனுமதித்த ஒரு பண்ணையிலிருந்து ஈ.கோலை ஓ157 என்ற கிருமி 93 பேருக்குத் தொற்றியது. பெரும்பாலோர் சிறு குழந்தைகள், சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. இந்தக் கிருமியைச் சுமக்கும் மாடும் ஆடும் நோயின் அறிகுறி எதையும் காட்டாது. ஆகவே விலங்குகளைத் தொடும் இடத்துக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவில் ஓடும் நீரும் சோப்பும் வையுங்கள், குழந்தைக்கு எட்டும் உயரத்தில். கையில் தேய்க்கும் கிருமிநாசினித் திரவம் சாணி ஒட்டிய கைக்குப் போதாது.

பயிருக்கும் கால்நடைக்கும் எடுத்த காப்பீடு, கட்டணம் கொடுத்து உள்ளே வந்த விருந்தினருக்கு ஏற்படும் விபத்தைப் பெரும்பாலும் ஏற்காது. அதைத் தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். விவசாய நிலத்தில் ஆள்களைத் தங்கவைக்கவும் உணவு விற்கவும் தனி அனுமதி தேவைப்படலாம். அஸ்திவாரம் தோண்டும் முன் விசாரிக்க வேண்டியது இது.

சரி, இனி வீட்டுக்குள் வருவோம். விருந்தினர் வந்தால் யார் சமைப்பது, யார் துவைப்பது, யார் கழிப்பறை கழுவுவது? பல வீடுகளில் முடிவை ஒருவர் எடுக்கிறார், அந்த வேலை இன்னொருவர் தலையில் விழுகிறது, பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில். அந்த உழைப்புக்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரு ரூபாய்கூட எழுதப்படுவதில்லை. வெளியாளை வைத்தால் என்ன கூலி கொடுப்போமோ அதை எழுதுங்கள். லாபம் என்று நினைத்த தொழில் பல நேரம் அங்கேயே கரைந்துவிடும். ஒவ்வொரு தொழிலுக்கும் தனி நோட்டும் வேண்டும். எல்லாம் ஒரே பெட்டியில் விழுந்தால் எது எதைத் தூக்கிப் பிடிக்கிறது என்று கடைசிவரை தெரியாது.

வருமானம் வரத் தொடங்கிய பிறகும் ஒரு தவறு காத்திருக்கிறது. படம் எடுக்க ஊஞ்சல், பிறகு ஒரு நீச்சல் குளம், அப்புறம் வயலின் ஒரு மூலையில் வண்டி நிறுத்துமிடம். கொஞ்சம் கொஞ்சமாகப் பண்ணை, பண்ணை போலத் தோற்றமளிக்கும் விடுதியாகிவிடும். இத்தாலி 1985லேயே பண்ணைச் சுற்றுலாவுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2006இல் வந்த புதிய சட்டமும் விவசாயமே முதன்மையாக இருக்க வேண்டும் என்கிறது. விருந்தோம்பலுக்குச் செலவாகும் உழைப்பு நேரம் விவசாய உழைப்பை மிஞ்சக் கூடாது. சட்டம் இல்லாத இடத்திலும் இந்த அளவுகோலை நாமே வைத்துக்கொள்ளலாம். விடுதி வேண்டுமென்பவருக்கு ஆயிரம் விடுதிகள் உண்டு. உங்களிடம் வருபவர் பார்க்க வருவது நாற்று நடும் கையையும் பால் கறக்கும் நேரத்தையும்தான்.

எப்போது நிறுத்துவது என்பதையும் தொடங்கும் முன்பே எழுதிவையுங்கள். எத்தனை பருவம் பார்ப்பது, எவ்வளவு பணம் வரை போடுவது, வீட்டாரின் கூலியைக்கூடத் தொழில் எப்போதிலிருந்து ஈடுகட்ட வேண்டும் என்று. நஷ்டத்தின் நடுவில் உட்கார்ந்து எடுக்கும் முடிவு பெரும்பாலும் ‘இன்னும் ஒரு பருவம்’ என்றுதான் வரும். கூடவே, தொழில் நின்றால் போட்ட பொருள் வேறு எதற்கு உதவும் என்றும் பாருங்கள். காளான் கொட்டகையை ஆட்டுக் கொட்டகையாக மாற்றலாம். நான்கு அறையும் குளியல் தொட்டியும் வைத்துக் கட்டிய குடில், வைக்கோல் அடுக்கத்தான் ஆகும்.